சொட்டும் வளையமும் மணியக்காவும்

உலகம் தோன்றிய நாளிலிருந்து மனிதன் கேட்ட கேள்விகளிலேயே பெரியது, கண்ணுக்கு மருந்தைச் சொட்டுவதா, செருகுவதா என்பதுதான். பிறப்பென்ன, இறப்பென்ன போன்ற சில்லறைச் சந்தேகங்களை ஞானிகள் பக்கம் தள்ளிவிட்டு, இந்த ஒரு கேள்வியை மட்டும் தலையில் தூக்கிச் சுமந்தது அந்தக் கண் மருத்துவமனையின் அழுத்தப் பிரிவு.

கண்ணுக்குள் எப்போதும் கொஞ்சம் நீர் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கும். வடிகால் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். வலிக்காது, உறுத்தாது. மிகவும் மரியாதையாக, சத்தமே போடாமல், பார்வையை ஓரத்திலிருந்து அழித்துக்கொண்டு வரும். போன பார்வை போனதுதான். இருப்பதையாவது காப்பாற்ற வேண்டுமானால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். பழைய வழி, காலையும் மாலையும் சொட்டு மருந்து. அதில் ஒரே குறை, நோயாளி அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். புதிய வழி, இமைக்குள் செருகி வைக்கிற மெல்லிய வளையம். கோட்டுப் பட்டன் அகலம் இருக்கும். ஆறு மாதத்துக்கு அதுபாட்டுக்கு மருந்தைக் கசியவிட்டுக்கொண்டிருக்கும். நோயாளிக்கு வேலையே இல்லை. நோயாளிகளோடு மாரடித்து அலுத்துப்போன மருத்துவர்களுக்கு வளையத்தைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

இரண்டில் எது சிறந்தது? ஐந்து பேர் கொண்ட குழு அமைந்தது. தலைவர், மருத்துவமனை இயக்குநர். முக்கிய உறுப்பினர், புள்ளியியல் நிபுணர். அவரை எல்லோரும் 'பெரும்புள்ளி' என்றே அழைத்தார்கள். அவரும் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். மற்ற மூவரும் தலையாட்டுவதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், அந்தத் துறையில் நல்ல அனுபவசாலிகள்.

எண்பது நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். நாற்பது பேருக்குச் சொட்டு, நாற்பது பேருக்கு வளையம். ஆனால் தனக்கு எது என்று ஆளுக்குத் தெரிந்துவிட்டால் மனசு குறுக்கே புகுந்து கணக்கைக் கெடுத்துவிடும் என்று பெரும்புள்ளி எச்சரித்தார். ஆகவே எண்பது பேருக்கும் இரண்டையும் கொடுப்பது என்று முடிவாயிற்று. ஒரு நாற்பது பேருக்கு அசல் சொட்டு, மருந்தில்லாத போலி வளையம். மற்ற நாற்பது பேருக்கு அசல் வளையம், போலிச் சொட்டு, அதாவது வெறும் தண்ணீர். யாருக்கு எது அசல் என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஓர் உறையில் எழுதி, ஒட்டி, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். தெரியாமல் இருப்பதற்கு இவ்வளவு பாடுபட்ட ஒரு குழுவை வரலாறு அதற்கு முன் கண்டதில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஒரு சின்னச் சிக்கல் எழுந்தது. நோயாளிகள் சொட்டுப் போட மறந்துவிட்டால்?

அங்கேதான் மணியக்கா வருகிறார். மருத்துவமனையின் தொலைபேசிப் பலகையில் பத்தொன்பது வருஷம் இருந்தவர். பலகையின் இடத்துக்கு ஓர் இயந்திரம் வந்தபிறகு, இவரை எங்கே வைப்பது என்று தெரியாமல் விசாரணை மேசையின் ஓரத்தில் வைத்திருந்தார்கள். அவரைக் கூப்பிட்டு, 'மருந்து ஒழுங்கு நினைவூட்டல் ஒருங்கிணைப்பாளர் – தற்காலிகம்' என்ற பதவியைக் கொடுத்தார் இயக்குநர்.

"எண்பது பேருக்கும் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போன் பண்ணணும். ரெண்டே வாக்கியம்தான் பேசணும். 'மணி ஏழு ஆச்சு. மருந்து போட்டாச்சா?' அவ்வளவுதான்."

"சார், ஒரு சந்தேகம். வளையம் வச்சா சொட்டு போட வேண்டாம்னுதானே சொல்றீங்க?"

"ஆமா. அதான் அதோட மகிமை."

"அப்ப வளையம் வச்சவங்களும் எதுக்கு சார் சொட்டு போடணும்?"

இயக்குநர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "சொட்டு போட வேண்டியதில்லன்னு நிரூபிக்கத்தாம்மா."

இதற்குமேல் கேள்வி கேட்பது அறிவியலுக்கு அழகல்ல என்று மணியக்காவுக்குப் புரிந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்குத் தொலைபேசியை எடுத்தார். "மணி ஏழு ஆச்சு" என்றுதான் எண்பது வீடுகளிலும் அவர் குரல் முதலில் கேட்டது. ஒரே வாரத்தில் எண்பது வீடுகளுக்கும் அவர் மணியக்கா ஆகிவிட்டார்.

பதினேழாம் எண் நோயாளி ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தொலைபேசியை எடுத்ததுமே, "போட்டாச்சு" என்பார்.

"சார், நான் இன்னும் கேக்கவே இல்ல."

"கேக்கப்போறேல்ல? அதுக்குத்தான்."

"பின்னாடி தண்ணி ஓடுற சத்தம் கேக்குது. வாயில பிரஷ் இருக்கு. நீங்க போட்டிருக்க மாட்டீங்க."

கொஞ்ச நேரம் குழாய் மட்டும் பேசியது. பிறகு வாய் கொப்பளிக்கும் ஓசை. "இத பாரும்மா, எனக்குக் குடுத்த சீசாவுல இருக்கறது வெறும் தண்ணி. நாப்பது வருஷம் பரீட்சை நடத்தினவன் நான். எது அசல், எது காப்பின்னு மூஞ்சியப் பாத்தே சொல்லிடுவேன்."

"சீசாவுக்கு ஏது சார் மூஞ்சி?"

"எல்லாத்துக்கும் இருக்கு."

"சரி, தண்ணியாவே இருக்கட்டும் சார். கண்ணைக் கழுவின மாதிரி ஆச்சு. நான் லைன்லயே இருக்கேன், போட்டுட்டு வாங்க."

போய்விட்டு வந்தார். "போட்டாச்சு."

"எந்தக் கண்ணுல?"

"ரெண்டுலயுமா போடணும்?"

"மறுபடி போயிட்டு வாங்க சார். இருக்கேன்."

தண்ணீர்ச் சீசா தனக்குத்தான் வாய்த்திருக்கிறது என்ற உறுதியான நம்பிக்கை எண்பது பேரில் எழுபது பேருக்காவது இருந்தது. அறிவியல் எவ்வளவு சமத்துவமாக மறைத்தாலும், ஏமாந்தது தான்தான் என்று மனிதன் கண்டுபிடித்துவிடுகிறான். அத்தனை பேரையும் வேளைக்கு வேளை கெஞ்சியும், அதட்டியும், சில வீடுகளில் மருமகளைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டும், மணியக்கா சொட்டுப் போட வைத்தார். இரண்டு வாக்கியம் என்ற விதி முதல் நாளே காலாவதியாகிவிட்டது.

ஐம்பத்து நாலாம் எண் நோயாளி ஒரு தையற்காரர். மூன்று சொட்டு விட்டால் இரண்டு கன்னத்தில் விழும் ஆசாமி. மல்லாந்து படுக்கச் சொல்லி, கீழ் இமையை இழுக்கச் சொல்லி, ஒரே சொட்டு விட்டுக் கண்ணை மூடி மூக்கோரத்தை ஒரு நிமிஷம் அழுத்தச் சொல்லி, தொலைபேசியிலேயே அவருக்குக் கைப்பழக்கம் ஏற்றினார் மணியக்கா. ஒருநாள் காலை தையற்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்.

"அக்கா, ஒரு வேடிக்கை. நாலு நாளைக்கு முன்னாடி வெட்டுற மேசை மேல ஒரு வளையம் கெடந்துச்சு. ஏதோ கோட்டோட பட்டன் விளிம்புன்னு நெனச்சு டப்பால போட்டு வச்சேன். எந்தக் கோட்டுக்கும் சேரல."

மணியக்கா எழுந்து நின்றுவிட்டார். "கண்ணைக் கசக்கினீங்களா?"

"துணித்தூசி பறக்குற எடம்க்கா. கசக்காம எப்படி?"

"கண்ணாடி முன்னாடி போய் நில்லுங்க. கீழ் இமையை இழுங்க. நூல் மாதிரி ஏதாவது தெரியுதா?"

"வலது கண்ணுல தெரியுது. இடது கண்ணுல… காணோம்க்கா."

அன்றே அவரை வரவழைத்துப் புது வளையம் வைக்கச் செய்தார். அன்றிலிருந்து எண்பது பேரிடமும் புதிதாக ஒரு கேள்வி சேர்ந்தது: "கண்ணாடியில பாத்தீங்களா? வளையம் இருக்கா?" இதற்கு அவர் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. அந்தப் புதுக் கேள்வியில் பதினொரு வளையங்கள் காணாமல்போனது தெரியவந்தது. ஒன்று தலையணை உறையில் அகப்பட்டது. ஒன்று பேத்தியின் பொம்மைக்கு மூக்குத்தியாகியிருந்தது. குழு இதை மிகுந்த கண்ணியத்தோடு 'வளையத்தின் தன்னிச்சையான வெளிநடப்பு' என்று பதிவுசெய்துகொண்டது.

வீட்டில் மணியக்காவின் கணவர் மட்டும் இந்த ஆய்வில் அதிருப்தி கொண்டிருந்தார்.

"ஊருல இருக்கறவங்களை எல்லாம் மருந்து போட்டாச்சா, மருந்து போட்டாச்சான்னு கேக்கற. எனக்கும் அழுத்தம் இருக்கு, ரத்தத்துல. ஒருநாள் கேட்டிருக்கியா?"

"மாத்திரை போட்டாச்சா?"

"இல்ல."

"எதுக்கு போடல?"

"நீ கேக்கல."

அன்றிலிருந்து எண்பத்தோராவது ஆளாக அவரையும் மணியக்கா சேர்த்துக்கொண்டார்.

ஆறு மாதம் முடிந்தது. இரும்பு அலமாரியைத் திறந்தார்கள். உறையைப் பிரித்தார்கள். பெரும்புள்ளி எழுந்து நின்று வாசித்தார். சொட்டுக் குழுவில் சராசரி அழுத்தம் பதினேழு. வளையக் குழுவில் சராசரி அழுத்தம் பதினேழு.

"சமம்னா சாதாரண சமம் இல்ல" என்றார் குரல் தழுதழுக்க. "தசமப் புள்ளிக்கு அப்புறம் ரெண்டு எண் வரைக்கும் சமம்!"

மூவரும் தலையாட்டினார்கள். எதுவும் எதைவிடவும் மேலானதல்ல என்ற மாபெரும் உண்மை அன்று நிறுவப்பட்டது. தலைமையாசிரியரின் சீசாவில் இருந்தது அசல் மருந்து என்பதும் அன்றுதான் தெரிந்தது. அதைக் கேட்டதும் அவர், "எனக்கு அப்பவே தெரியும்" என்றாராம்.

அறிக்கையில் இன்னொரு கண்டுபிடிப்பும் இருந்தது. நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் ஒருவேளைகூடத் தவறாமல் மருந்து போட்டிருக்கிறார்கள். 'எனவே நோயாளிகள் மறப்பதில்லை என்பது நிரூபணமாகிறது. எனவே நினைவூட்டல் பணியிடம் தேவையற்றதாகிறது.'

மணியக்கா அதை இரண்டு முறை படித்தார். "சார், நான் ஞாபகப்படுத்தினதாலதானே அவங்க மறக்கல?"

"இருக்கலாம்மா" என்றார் பெரும்புள்ளி பெருந்தன்மையோடு. "ஆனா நாங்க ஒப்பிட்டது சொட்டையும் வளையத்தையும்தான். அட்டவணையில உங்களுக்குக் கட்டமே இல்லையே."

கட்டம் இல்லாதவருக்கும் ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அவசரத்தில் அச்சானதால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'உரியவருக்கு' என்று இருந்தது. விசாரணை மேசையிலும் அதற்குள் ஓர் இயந்திரத்தை வைத்துவிட்டிருந்தார்கள். மணியக்கா வீட்டுக்குப் போனார்.

நோயாளிகளிடம் எது வேண்டும் என்று கேட்டு, கேட்டதை அசலாகவே கொடுத்து அனுப்பினார்கள். தலைமையாசிரியர் சொட்டு கேட்டார். தையற்காரர் வளையம் கேட்டார். எது கேட்டாலும் சமம்தான் என்று அறிக்கையே சொல்லிவிட்டபடியால், அதன்பிறகு யாரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான்கு மாதம் கழிந்து ஒரு மத்தியானம், கணவரின் கால்சட்டையை உயரம் குறைக்க எடுத்துக்கொண்டு தையற்காரரின் கடைக்குப் போனார் மணியக்கா. மேசை மேல் சாம்பல் நிறத் துணி விரித்திருந்தது. தையற்காரர் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மணியக்கா இடப்பக்கம் வந்து நின்றார். அவர் நிமிரவில்லை. இன்னும் கிட்டே வந்தார். நிமிரவில்லை. கோடு துணியின் இடது விளிம்பைத் தாண்டி மரத்தின்மேல் ஏறி, நேராகப் போய்க்கொண்டிருந்தது. மேசையின் அந்தப் பக்கம் முழுவதும் அப்படிப் போன வெள்ளைக் கோடுகள்.

"வணக்கம்" என்றார் மணியக்கா.

தையற்காரர் கழுத்தோடு உடம்பையும் சேர்த்துத் திருப்பினார். "அக்கா! நீங்களா? எப்ப வந்தீங்க? ஆளு வந்ததே தெரியல."

மணியக்கா கோடுகளைப் பார்த்தார். அவரை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துவந்து, தன் கையாலேயே இடது இமையைக் கீழே இழுத்தார். வளையம் இல்லை. வலதிலும் இல்லை.

"எப்ப போச்சு?"

"தெரியலக்கா."

"கடைசியா எப்ப கண்ணாடியில பாத்தீங்க?"

தையற்காரர் சங்கடத்தோடு சிரித்தார். "யாரும் கேக்கலையேக்கா."

மணியக்கா கடையைப் பூட்டச் சொல்லி, அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்.

அழுத்தம் முப்பத்திரண்டு. இடது ஓரத்துப் பார்வை போய்விட்டிருந்தது. புது வளையம் வைத்தார்கள். மீதியைக் காப்பாற்றலாம் என்றார்கள். மணியக்கா நேரே இயக்குநரின் அறைக்குள் போனார். இயக்குநர் தையற்காரரின் ஆய்வுக் கோப்பை வரவழைத்துப் பொறுமையாகப் பார்த்தார்.

"ஆய்வு முடிஞ்ச அன்னிக்கு இவருக்குப் பதினாறு. அருமையா இருந்திருக்கு. இப்ப போன பார்வை ஆய்வுக்கு வெளியே போனதும்மா. அதுக்கும் நமக்கும் சம்பந்தமில்ல."

"உள்ள போச்சோ, வெளிய போச்சோ, போயிடுச்சில்ல சார்?"

"உணர்ச்சிவசப்படாதீங்க. பதினாறுன்னு எழுதியிருக்கு பாருங்க" என்று கோப்பைத் திருப்பிக் காட்டினார் இயக்குநர்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மணியக்கா தன் வீட்டுத் தொலைபேசியை எடுத்தார். பட்டியல் எதுவும் கையில் இல்லை. தேவையும் இருக்கவில்லை, ஆறு மாதம் நாளுக்கு இரண்டு தடவை சுழற்றிய எண்கள், எண்பதும் விரல்நுனியில் இருந்தன. "மணி ஏழு ஆச்சு" என்றதும் ஓர் அம்மா அழுதேவிட்டார். தலைமையாசிரியர் எடுத்த எடுப்பில், "போட்டாச்சு" என்றார். அவருடைய சீசாவில் முத்திரையே உடையவில்லை என்பதைக் கண்டுபிடிக்க மணியக்காவுக்கு மூன்று நிமிஷம் ஆயிற்று.

ஒரு வருஷம் போயிற்று. அழுத்தப் பிரிவு எண்பது பேரையும் திரும்ப அழைத்துச் சோதித்தது. எல்லோருக்கும் பதினாறு, பதினேழு. தையற்காரருக்கு மிச்சமிருந்த பார்வை அப்படியே இருந்தது. குழுவின் பெருமை கரையை உடைத்தது. 'ஒருமுறை சொன்னால் போதும், நோயாளிகள் ஆயுளுக்கும் மறப்பதில்லை' என்று இரண்டாவது அறிக்கை எழுதி, அரங்கம் பிடித்து, விழா எடுத்தார்கள். அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளத் தலைமையாசிரியரை மேடையேற்றினார்கள்.

மருந்து விஷயத்தில் வாழ்நாளில் ஒருமுறைகூட உண்மை பேசியிராத தலைமையாசிரியருக்கு, மைக்கைக் கண்டதும் என்ன ஆயிற்றோ தெரியவில்லை.

"நான் ஒரு நாளும் நானா மருந்து போட்டதில்ல" என்றார். "இன்னிக்குக் காலைல கூட மணியக்கா போன் பண்ணித்தான் போட்டேன். அவங்க பண்ணலேன்னா அந்தச் சீசாவை நான் தொட்டிருக்கவே மாட்டேன். இங்க உக்காந்திருக்கறவங்க எல்லாரும் அப்படித்தான். கேட்டுப் பாருங்க!"

அரங்கில் எழுபத்தொன்பது தலைகள் ஆடின. குழுவின் மூன்று உறுப்பினர்களும் பழக்கதோஷத்தில் ஆட்டிவிட்டார்கள். மைக் பழுதாகிவிட்டதால் நிகழ்ச்சி இத்துடன் முடிகிறது என்று இயக்குநர் அறிவித்தார். அறிவிப்பை மைக்கில்தான் செய்தார்.

மணியக்காவின் மேல் விசாரணை வைப்பது என்று அன்றே முடிவாயிற்று. ஆனால் அவர் வேலையில் இல்லை. வேலையில் இல்லாதவரை வேலையிலிருந்து நீக்க விதியில் இடமில்லை. எனவே அவரை ஒருநாள் மட்டும் மறுபடி பணியில் அமர்த்தும் ஆணை வீட்டுக்கு வந்தது.

"அந்த ஒருநாள் என்ன வேலை சார்?" என்று தொலைபேசியில் கேட்டார் மணியக்கா.

"விசாரணைக்கு வர்றதுதான்" என்றது அலுவலகம்.

வந்தார். நீண்ட அறை. இடது சுவரையொட்டிக் குழுவினர் ஐவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிர்க்கோடியில் மணியக்காவுக்கு ஒரு நாற்காலி. பெரும்புள்ளி குற்றச்சாட்டுகளை வாசித்தார்.

"ஒண்ணு. மருத்துவமனைக்குச் சொந்தமான எண்பது தொலைபேசி எண்களைத் தலைக்குள்ள மறைச்சு வச்சு வெளியே எடுத்துட்டுப் போனது. ரெண்டு. எண்பது பேரோட கண் அழுத்தத்தை முன் அனுமதி இல்லாமக் குறைச்சது. மூணு, இதுதான் ரொம்பக் கடுமையானது. சொட்டும் வளையமும் சமம்னு நாங்க கண்டுபிடிச்ச உண்மையை, ரெண்டையும் தானே சமமாக்கி, பாழ்படுத்தினது. ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன் சார்."

குழு திடுக்கிட்டது. மறுப்பார் என்று நினைத்து நான்கு பக்கத்துக்குக் கேள்வி தயாரித்து வைத்திருந்தார்கள். அது வீணாகக்கூடாது என்பதால் சாட்சியை அழைத்தார்கள்.

தையற்காரர் உள்ளே வந்தார். நேரே மணியக்காவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தயங்கி நின்றார்.

"அக்கா, நீங்க மட்டும்தான் இருக்கீங்களா? விசாரணைன்னு சொன்னாங்களே. அவங்க வரலையா?"

"இருக்காங்க. உங்க இடது பக்கம்."

தையற்காரர் மெதுவாக உடம்பைத் திருப்பினார். ஐந்து முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க. அந்தப் பக்கம் யாராவது இருந்தா தெரியறதில்ல."

"எப்பலேருந்து தெரியல?" என்று கேட்டார் இயக்குநர், மருத்துவருக்கே உரிய கனிவோடு.

"நீங்க எங்களை விசாரிக்கறதை விட்டதுலேருந்து சார்."

இந்தப் பதில் பொருத்தமற்றது என்று பதிவேட்டில் குறிக்கப்பட்டது. மாலை ஐந்து மணிக்குத் தீர்ப்பு வந்தது. மூன்று குற்றங்களும் ஐயத்துக்கிடமின்றி நிரூபணமானதால், மணியக்கா அன்று காலை கிடைத்த வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

கண் அழுத்தத்தைக் குறைத்ததற்காக அந்த மருத்துவமனையில் தண்டனை பெற்றவர் அவர் ஒருவர்தான். ஒரு மனிதரின் பார்வை போனதற்குத் தண்டனை பெற வேண்டியவர் யார் என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. தெரிந்துகொள்வதற்கென்று ஒரு குழுவை அமைத்திருக்கிறார்கள். உறுப்பினர்கள், அதே ஐவர்.